சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள்

கணித மேதை ராமானுஜனைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை கிடையாது. 1729 கதை தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளையும் கிடையாது. ஆகவே இந்தப் பதிவில் அவருடைய கணக்கைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதுகிற தகுதியும் எனக்கு இல்லை. சீமையில் இருந்த 5 வருடத்தில் அவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், யாரோடு பேசினார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கூடவே அவர் படித்த கல்லூரியிலேயே இருந்த இன்னும் இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூவரும் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்காரர்கள். மூவருக்கும் ஆராய்ச்சிதான் மூச்சு. மூவருக்கும் மனம் ஒடிந்துபோன காலம் ஒன்று இருந்தது.

இப்போது இதை எழுதக் காரணம், காலை நடைக்கு வருகிற நண்பர் ஒருவர். அவருடைய பேத்தி ஜெர்மனியில் பிஎச்.டி. செய்கிறாள். வாரம் ஒரு தடவை பேசுவாள். இவரும் வாரம் தவறாமல் "எப்பம்மா முடிப்ப?" என்று கேட்பார். போன மாதம் அவள், "தாத்தா, அந்த ஒரு கேள்விய மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். "நான் என்னங்க தப்பாக் கேட்டுட்டேன்?" என்று என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார்.

அவர் ரயில்வேயில் இருந்தவர். நம் போன்றவர்கள் பார்த்த வேலை வேறு. பத்து மணிக்கு ஆபீஸ், ஐந்தரைக்கு மணி, மேஜையில் இருக்கிற கோப்பு முடிந்தால் வேலை முடிந்தது. ஆராய்ச்சி அப்படி இல்லை. எனக்குத் தெரியக் காரணம், 34 வருட வேலையில் 11 வருடம் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தேன். ஃபெலோஷிப் பில், எக்ஸ்டென்ஷன் கோப்பு, சினாப்சிஸ், தீசிஸ் என்று அத்தனையும் என் மேஜை வழியாகத்தான் போகும். நான் பார்த்த வரையில் அந்தப் பிள்ளைகளுக்கு மணி அடிப்பதில்லை. மூன்று வருடம் செய்தது நாலாவது வருடம் தப்பு என்று ஆகலாம். இதே விஷயத்தை வேறு யாரோ முதலில் எழுதிவிட்டார்கள் என்று ஒரு நாள் காலையில் தெரியலாம். கூடப் படித்தவன் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வீடும் கட்டியிருப்பான். இவன் மட்டும் இன்னும் ஸ்டூடண்ட். இதில் ஒரே ஒரு கைடு, அவர் கையில் மொத்த எதிர்காலம். மனது தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ராமானுஜனுக்கு வருவோம்.

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 26. அதற்கு முன் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர். ஏப்ரல் நடுவில் லண்டன் போய்ச் சேர்ந்தார். முதலில் நெவில் என்ற பேராசிரியர் வீட்டில் தங்கினார். அது ஒரு குடும்பம், கவலைப்பட ஆள் இருந்தது. பிறகு கல்லூரியிலேயே அறை கிடைத்து அங்கே மாறினார். ஹார்டியின் அறைக்கு நடந்து போகிற தூரம். வேலைக்குச் சௌகரியம். ஆனால் அன்றிலிருந்து தனிக்கட்டை.

கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிட மாட்டார். மரக்கறி என்று கொடுத்தாலும் எந்தக் கொழுப்பில் வதக்கினார்களோ என்ற சந்தேகம். ஆகவே அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் அனுப்பச் சொல்லி நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது மடி ஆசாரம் அல்ல. கேம்பிரிட்ஜில் ஒருவரோடு ஒருவர் பழகுவதே அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான். அங்கே போகாதவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் வேலை செய்வார், பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். சமையல் நினைத்தபோது நடக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அவர் போய் நாலு மாதத்தில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. ட்ரினிட்டி கல்லூரியின் ஒரு முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். மாணவர்கள் பட்டாளத்துக்குப் போக, கல்லூரி காலியானது. ஹார்டியின் கூட்டாளியான லிட்டில்வுட்டும் பீரங்கிப் படைக்குப் போய்விட்டார். காய்கறியும் பழமும் கிடைப்பது வரவரக் குறைந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடலாம் என்று போனவர் மாட்டிக்கொண்டார்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தாரே மகலனோபிஸ், அவர் அப்போது பக்கத்திலிருந்த கிங்ஸ் கல்லூரியில் மாணவர். ஒரு குளிர்காலத்தில் ராமானுஜனின் அறைக்கு வந்தவர், ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். இல்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திப் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலில் வேண்டிய மட்டும் கம்பளிகள் இருக்கின்றன. வெள்ளைக்கார வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பும் போட்டிருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. விரிப்பின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக்கொடுத்தார். நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றி எழுதிய நூலில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

உலகத்தில் யாருக்கும் தெரியாத சூத்திரங்கள் தெரிந்த மனிதருக்குப் போர்வை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ராத்திரி குளிர் தாங்குதா?" என்று கேட்க ஒருவர் வந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

வீட்டுக் கடிதமாவது ஆறுதலாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதுதான். மாமியார் கோமளத்தம்மாளுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. தான் எழுதிய கடிதம் அவருக்குப் போகவில்லை, அவர் எழுதியது தனக்கு வரவில்லை, நடுவிலேயே நிறுத்தப்பட்டன என்று ஜானகி அம்மாள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், மனைவி ஏன் எழுதவில்லை என்றும் தெரியாமல், 5,000 மைலுக்கு அப்பால் ஒரு மனிதன்.

மனது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சாட்டர்ஜி என்ற நண்பரையும் இரண்டு பெண்களையும் தன் அறைக்குச் சாப்பிட அழைத்திருந்தார். தன் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் தடவை வந்தபோது பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து 5 பவுன் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தான் சமைத்ததை வேண்டாம் என்றது பொறுக்காமல் அப்படியே ரயிலேறிப் போயிருக்கிறார். நல்ல நிலையில் இருக்கிற மனது ஒரு கரண்டி ரசத்துக்காக இப்படி உடைந்து போகாது. ஆனால் அன்று அதை ஒரு விசித்திரமாகத்தான் பார்த்தார்கள்.

1917 வசந்த காலத்தில் உடம்பு விழுந்தது. காசநோய் என்றார்கள். ஈரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994இல் டாக்டர் யங் என்பவர் ஆராய்ந்து எழுதினார். நோய் எதுவானாலும் அன்றைய வைத்தியம் சானடோரியம்தான். ஜன்னலைத் திறந்து போட்டு, குளிர்ந்த காற்றில் படுக்க வைப்பது. அவர் இருந்த ஒரு சானடோரியத்தை நடத்தியவர் நம் ஊர் டாக்டர் சௌரி முத்து. இவர்தான் 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். இன்றும் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயரின் மூலம் அதுதான். பிறகு மாட்லாக் என்ற மலையூருக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து ஹார்டிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருக்கிறது, தினமும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் கணக்குப் போடப்போகிறேன் என்கிறார்.

உடம்பும் மனதும் இப்படி இருந்தபோதே, 1917 அக்டோபரில் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெலோ தேர்வில் அவர் பெயர் தள்ளப்பட்டது. நிறம் பார்த்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்று லிட்டில்வுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போரை எதிர்த்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைக் கல்லூரி நீக்கியபோது அவர் பக்கம் நின்றவர் ஹார்டி. அந்தக் கோபமும் அவர் சிபாரிசு செய்த ஆளின் மேல் விழுந்தது.

1918 தொடக்கத்தில், லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டதால் பிழைத்தார். அந்த நாளில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி கிரிமினல் குற்றம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. செய்தி தெரிந்து ஓடிவந்தார் ஹார்டி. இவர் ராயல் சொசைட்டி ஃபெலோ, இவரை நீங்கள் கைது செய்ய முடியாது என்று அடித்துப் பேசினார். அன்று ராமானுஜன் எஃப்.ஆர்.எஸ். ஆகியிருக்கவில்லை. பொய் சொல்லித்தான் மீட்டார். போலீசும் விட்டுவிட்டது. இப்படி ஒன்று நடந்ததை நாம் அறிந்தது எப்படி என்றால், ஹார்டி இதைப் பின்னாளில் வேறோர் இந்திய மாணவரிடம் சொன்னார். அவர் யார் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

அந்த வருடமே மே மாதம் ராமானுஜன் உண்மையாகவே எஃப்.ஆர்.எஸ். ஆனார். அக்டோபரில் ட்ரினிட்டியும் ஃபெலோ ஆக்கியது. மறுபடி எழுத ஆரம்பித்தார். கௌரவம் வந்து மனதைத் தூக்கி நிறுத்தியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. அதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

ராமலிங்கம் என்று ஒரு தமிழர், இன்ஜினியர், அப்போது இங்கிலாந்தில் வேலையாக இருந்தார். ராமானுஜனுக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமான்களைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்தவர். 1918 ஜூனில் மாட்லாக்குக்கே போய்ச் சில நாள் கூடத் தங்கினார். திரும்பி வந்து ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் கணக்கு இல்லை. என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிட மறுக்கிறார், அங்கே சமைக்கிறவர்களுக்கு என்ன தெரியவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு தாயார் எழுதுகிற கடிதம் மாதிரி. ராமானுஜன் சரித்திரத்தில் ஹார்டியின் பெயருக்குப் பக்கத்தில் இந்த ராமலிங்கத்தின் பெயரையும் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதனால் ஹார்டியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கும்பகோணத்துக் குமாஸ்தாவின் கடிதத்தைக் குப்பையில் போடாமல் படித்தவர் அவர். போலீஸ் வரை போய் மீட்டவரும் அவரே. ஆனால் அவர் தம் மனதுக்குள்ளேயே கூசி வாழ்ந்த மனிதர். யாரிடமும் சொந்த விஷயம் கேட்க மாட்டார். 1936இல் அமெரிக்காவில் ராமானுஜனைப் பற்றிச் சொற்பொழிவு செய்தபோது அவரே இதை ஒப்புக்கொண்டார். பல வருடம் அநேகமாக தினமும் பார்த்துப் பேசியிருக்கிறேன், ஆனால் எந்தப் புத்தகம் படித்தார், எப்படி இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்றுகூட அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை, தினம் அரை டஜன் புதுத் தேற்றம் கொண்டுவருகிறவரிடம் அதைப் போய்க் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னார். படித்த புத்தகத்தையே கேட்காதவர் தூக்கத்தையும் சாப்பாட்டையும் எங்கே கேட்டிருக்கப்போகிறார்?

ராமானுஜன் 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து, பத்து வயது நிறையாத தன் மகனிடம் சொன்னார் ஓர் அம்மா. அவர் பெயர் சீதாலட்சுமி. இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். சர் சி.வி. ராமனின் அண்ணன் பிள்ளை. ஹார்டி ரகசியத்தைச் சொன்னது இவரிடம்தான்.

சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறும்போது வயது 19. அம்மா படுக்கையில் இருந்தார். போக வேண்டாம் என்று சுற்றத்தார் சொல்ல, போ என்று சொன்னவர் அந்த அம்மாதான். 1931 மே மாதம் அவர் காலமான செய்தி கேம்பிரிட்ஜுக்கு வந்தது. பிள்ளை கொள்ளி போடக்கூட வர முடியாத தூரம். மரக்கறிச் சாப்பாடு, தனி அறை, குளிர், கூச்சம் எல்லாம் ராமானுஜன் மாதிரியேதான். வழிகாட்டி ஃபௌலரைப் பிடிப்பதே கஷ்டம். இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வருமா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது.

ஆனால் இவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, அப்பாவுக்கு விடாமல் கடிதம் எழுதினார். வேலை எப்படி, மனது எப்படி என்று எல்லாம் எழுதுவார். அப்பாவும் பதில் போடுவார். நடுவில் யாரும் பிடுங்கவில்லை. இரண்டு, இடத்தை மாற்றினார். 1931 கோடையில் ஜெர்மனிக்குப் போனார். 1932இல் டிராக் சொன்ன யோசனைப்படி கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நடத்திய நிலையத்துக்குப் போய் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். அங்கே இவர் வயதுப் பிள்ளைகள் பல தேசத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகச் சுற்றினார்கள். திரும்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கி, 1933இல் ட்ரினிட்டி ஃபெலோவும் ஆனார். ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இந்தியர் இவரே.

பெரிய அடி 1935 ஜனவரி 11 அன்று விழுந்தது. ஒரு நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால் அது வெள்ளைக் குள்ளனாகி அடங்க முடியாது என்று இவர் கண்டுபிடித்திருந்தார். அதை லண்டனில் வானியல் கழகக் கூட்டத்தில் படித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் அவர் வைத்ததுதான் சட்டம். அதுவரை சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மேடையில் எல்லோரும் சிரிக்கும்படி அந்த ஆராய்ச்சியைக் கேலி செய்தார். இவருக்கு வயது 24. பெரிய இயற்பியலாளர்கள் பலர் தனியாக, நீங்கள் சொல்வதுதான் சரி என்றார்கள். ஒருவரும் வெளியில் வந்து சொல்லவில்லை. ஆராய்ச்சி உலகத்தில் இது இன்றைக்கும் நடக்கிற விஷயம்.

நாலு வருடம் போல இந்தப் போராட்டம் ஓடியது. இதற்கிடையில் 1936இல் ஊருக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் கூடப் படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இயற்பியல் படித்தவர், வேலையின் கஷ்டம் தெரிந்தவர். அந்தப் பயணத்தில்தான் ஹார்டி கேட்டுக்கொண்டபடி ஜானகி அம்மாளைப் போய்ப் பார்த்து, ராமானுஜனின் பாஸ்போர்ட் போட்டோவை வாங்கிக் கொடுத்தார். நாம் எல்லோரும் பார்க்கிற படம் அதுதான். பிறகு தம்பதியர் அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார்கள். 1939இல், நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, அந்த விஷயத்தையே மூடி வைத்தார். வேறு துறைக்குப் போனார். சில வருடம் அதில் உழைப்பார், ஒரு பெரிய புத்தகம் போடுவார், அடுத்ததுக்குப் போய்விடுவார். கடைசி வரை அதுவே வழக்கமாயிற்று. எடிங்டனோடு மரியாதையான நட்பையும் விடவில்லை. அவர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டு 1983இல் நோபல் பரிசு கொடுத்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவ்வளவு காலம் தாங்கியிருக்குமா?

அவர் முழுத் திருப்தியோடு வாழ்ந்தார் என்று நான் சொல்லவில்லை. வாலி எழுதிய வாழ்க்கை வரலாற்றில், ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்ததால் வாழ்க்கையில் எவ்வளவோ விட்டுப்போயிற்று என்று அவரே குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் அவர் 84 வயது வரை இருந்தார், வேலையும் செய்தார். ராமானுஜனுக்கு வாய்க்காத இரண்டு, போய் வரும் கடிதமும் கூட இருக்கும் மனைவியும், இவருக்கு வாய்த்தன.

மூன்றாமவர் ஹார்டி. 1939இல் மாரடைப்பு வந்தது. அதற்கு முன்பே, புதிதாகக் கணக்குச் செய்யும் சக்தி போய்விட்டது என்ற ஏக்கம் பிடித்துவிட்டது. கணிதத்தைத் தவிர வேறு வாழ்க்கையே வைத்துக்கொள்ளாதவர். கிரிக்கெட் பைத்தியம் ஒன்றுதான் விதிவிலக்கு. 1947இல் அவரும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். கடைசி மாதங்களில் அவரைத் தாங்கியது தங்கை கெர்ட்ரூட். தினம் சாயங்காலம் கிரிக்கெட் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவாராம். நண்பர் ஸ்னோ தவறாமல் வந்து கிரிக்கெட் பேசிவிட்டுப் போவார். அந்த டிசம்பர் 1 அன்று காலமானார். 1918இல் ராமானுஜனை மீட்டவர் அவர். அதே பள்ளம் முப்பது வருடம் கழித்து அவருக்கும் காத்திருந்தது. அறிவு, புகழ், வெள்ளைக்காரன் என்ற வசதி எதுவும் இதற்குத் தடுப்பூசி இல்லை.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில், எங்கள் பல்கலைக்கழகத்தில் விருதுநகர் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் ஆராய்ச்சி மாணவன். வீட்டில் முதல் பட்டதாரி. எழுதிக் கொடுத்த அத்தியாயம் கைடு மேஜையில் ஏழு மாதமாகக் கிடந்தது. ஃபெலோஷிப் பணமும் அந்த வருடம் தாமதம். மே மாதம் விடுமுறை என்று மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ரிசர்ச் பிள்ளைகளுக்கு ஏது விடுமுறை?

எங்கள் பிரிவில் ஓர் அட்டெண்டர் அம்மா இருந்தார். கையெழுத்து வாங்க லேப் பக்கம் போன இடத்தில் இவனைப் பார்த்து, "என்ன தம்பி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன் என்றானாம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மறுநாளிலிருந்து தன் டிபன் கேரியரில் அவனுக்கும் ரசம் சாதம் வந்தது. மூன்றாம் நாள் அவன் அழுதுவிட்டான். பத்து நாளாகத் தூக்கம் இல்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா நேரே என் மேஜைக்கு வந்தார். "சார், அந்தத் தம்பிய இன்னிக்கு ராத்திரி தனியா விடக்கூடாது. அவங்க ஊருக்குப் போன் போடுங்க" என்றார்.

ஊரில் ஒரு உரக்கடையில்தான் போன். எஸ்.டி.டி. போட்டுச் சொன்னோம். அன்று ராத்திரி ஹாஸ்டல் வாட்ச்மேன் அவன் அறையில் படுத்துக்கொண்டார். விடியற்காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை, ஓய்வு என்று ஐந்து மாதம் ஊரில் இருந்தான். மருத்துவச் சான்றிதழ் வைத்து எக்ஸ்டென்ஷன் கோப்பு போட்டோம், கையெழுத்தானது. துறைத் தலைவர் தலையிட்டு வேறு கைடும் கிடைத்தார். இரண்டு வருடத்தில் தீசிஸ் கொடுத்தான். அதன் நன்றியுரையில் அப்பா அம்மாவுக்கு அடுத்த வரியில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் வாசித்துச் சொன்னேன். "நான் என்ன சார் பண்ணேன், ரசந்தானே குடுத்தேன்" என்றார்.

ரசம் மட்டும் போதாது என்பதையும் அந்த அம்மா தெரிந்து வைத்திருந்தார். அதனால்தான் அவன் சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எழுந்து வந்து சொன்னார். மனத்தளர்ச்சி நோயானால் டாக்டரிடம்தான் போக வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் போகவில்லையா? கோவிலுக்கும் போகட்டும், ஆஸ்பத்திரிக்கும் போகட்டும்.

காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1961இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. யாரும் ஹார்டி மாதிரி பொய் சொல்லி மீட்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. மத்திய அரசின் டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. பகல் இரவு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தனியாக இருக்கும் நமக்கும் உதவும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடை நண்பர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். எப்போது முடியும் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. தெரியாததைக் கேட்டால் கோபம்தான் வரும். தெரிந்ததைக் கேளுங்கள். இன்றைக்கு என்ன சமைத்தாய், ராத்திரி தூங்கினாயா, கூடச் சாப்பிட யார் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய்? பதில் வருவதைவிட பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். குரல் மாறியிருந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் மறுநாளே கூப்பிடுங்கள். தேவையானால் அவளுடைய பல்கலைக்கழகத்திலேயே இதற்கென்று ஆள் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் சௌரி முத்துவைப் பற்றியும் தாம்பரம் சானடோரியம் உண்டான கதையைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவில் அது.